அட்டவணையும் அலுமாரியும்



பழைய வாசிகசாலை ஒன்றினுள் நாம் நுழைகின்றோம் என வைத்துக்கொள்வோம். வாயிலின் அருகே சிறு இழுப்பறைகள் பல கொண்ட பேழை ஒன்று இருக்கும். அவ்விழுப்பறைகளில் அட்டைகள் நிரல்பட அடுக்கப்பட்டிருக்கும். நூலின் பெயர், ஆசிரியர் பெயர், நூல் எந்த அலுமாரியில் உள்ளதென்பதைக் காட்டும் எண் ஆகியன அவ்வட்டைகளிற் காணப்படும். அப்பால், மண்டபத்தின் உள்ளே, அலுமாரிகளில் நூல்கள் இருக்கும்.

நூலொன்றை அடைய அங்கே இரு வழிகள் உள. அட்டையைப் பார்த்து அலுமாரிக்குச் செல்லலாம்; அன்றி, இடம் தெரிந்தவராயின் நேரே அலுமாரிக்கே சென்று நூலை எடுக்கலாம். எவ்வழியிற் சென்றாலும் கையிற் கிடைப்பது அதே நூல்தான். ஆனால், அட்டை வழியாகச் சென்றவருக்கு மேலும் ஒன்று கிடைக்கின்றது. இந்நூலின் இரண்டாம் பாகம் இன்ன இடத்தில் உளது, இப்பொருள் பற்றிய வேறு நூல் இன்னது என நூலகர் அட்டையில் எழுதிய குறிப்பு அவர் கண்ணிற் படுகின்றது. நேரே அலுமாரிக்குச் சென்றவர் அதனைக் காண்பதில்லை. அத்தகைய குறிப்பொன்று உண்டென்பதையும் அவர் அறியார். அட்டைக்கு நூலைத் தெரியும். நூலுக்கு அட்டையைத் தெரியாது. இன்றைய பேச்சின் பொருள் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கும்.

வாசிகசாலையை விட்டு, இப்பொழுது கணினிக்கு வருவோம். நம்மிற் பலர் வீட்டுப் பத்திரங்களையும் பழைய படங்களையும் கடிதங்களையும் ஒளிவருடி மூலம் கணினியிற் சேர்த்து வைத்திருக்கின்றோம். அவற்றை ஒழுங்குபடுத்துவதற்கென ஆவண முகாமை மென்பொருள்கள் பல வழக்கில் உள்ளன. ஆய்வாளர்கள் பயன்படுத்தும் சொட்டேரோ என்பது ஒன்று. ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2006 ஆம் ஆண்டில் வெளிவந்தது. மாக் கணினிகளில் வழங்கும் டெவன்திங்க் என்பது இன்னொன்று. இவையெல்லாம் நாம் முன்னர்க் கண்ட அட்டைப் பேழையின் வேலையைச் செய்வன. கணினியிலுள்ள கோப்புறைகளோ அலுமாரிகளை ஒப்பன. அலுமாரிகளை நேரே திறந்து பார்க்க உதவுவது கோப்பு உலாவி. விண்டோஸ் கணினியில் அதனை ஃபைல் எக்ஸ்ப்ளோரர் என்பர். மாக் கணினியில் ஃபைண்டர் என்பர்.

அட்டவணையில் ஏறிய கோப்பொன்றை, அட்டவணை வழியாக அல்லாது, கோப்பு உலாவி வழியாகத் திறந்தால் யாது நிகழும்? இது தொழில்நுட்பம் அறிந்தோர் தமக்குள் ஆராய வேண்டிய சிறு விஷயமென நானும் ஒருகாலத்தில் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றிய நிகழ்ச்சியொன்றை முதலிற் கூறுகின்றேன்.

வடமராட்சியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். நாங்கள் அவரை வாத்தியார் என்றே அழைப்போம். ஊரிலுள்ள பழைய பாடசாலைப் படங்கள், கோயிற் கணக்குகள், கலியாண அழைப்பிதழ்கள், இறந்தோர் நினைவு மலர்கள், வெளிநாடு சென்றோர் எழுதிய கடிதங்கள் ஆகியவற்றை வீடு வீடாகச் சென்று இரவல் வாங்குவார். ஒளிவருடியிற் படியெடுத்துவிட்டு உரியவரிடம் திருப்பிக் கொடுப்பார். பல ஆண்டுகளாக இந்தப் பணியைச் செய்தார். வெளிநாட்டிலிருந்த மகன் வாங்கிக் கொடுத்த கணினியில், ஆவண முகாமை மென்பொருள் ஒன்றின் உதவியுடன் எல்லாவற்றையும் நிரைப்படுத்தி வைத்திருந்தார்.

வாத்தியார் காலமானார். அந்தியேட்டிக்கு வந்திருந்த பிள்ளைகள், தந்தையின் சேமிப்பைத் தத்தம் வீடுகளுக்குக் கொண்டுசெல்ல விரும்பினர். மூத்த மகள் கணினியைத் திறந்து, கோப்புறையைக் கண்டு, கோப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கோப்புறைகளின் பெயர்கள் குழப்பமாக இருப்பதாக அவருக்குத் தோன்றியது. அன்பினாலே, அவற்றுக்கு நல்ல பெயர்கள் இட்டு, சிலவற்றை இடமாற்றி, ஒழுங்குபடுத்தினார். பின்னர் அக்கோப்புறையைப் படியெடுத்து உடன்பிறந்தார் அனைவருக்கும் கொடுத்தார். வேலை முடிந்ததென எண்ணி, பழைய கணினியை அயலிலுள்ள கல்வி நிலையம் ஒன்றுக்கு அன்பளிப்பாகக் கொடுப்பதெனத் தீர்மானித்தனர். அதனைத் துப்புரவாக அழித்துப் புதிதாக்கித் தரும்படி நெல்லியடியில் உள்ள திருத்தகம் ஒன்றிலும் ஒப்படைத்துவிட்டனர்.

அன்று மாலை நான் அங்கே சென்றிருந்தேன். மகள் பாடசாலைப் படமொன்றைக் காட்டி, “அண்ணை, அப்பா படங்களை மட்டுந்தான் சேர்த்து வைச்சிருக்கிறார். ஆர் எவர் எண்டு ஒரு சொல்லும் எழுதி வைக்கேல்லை” என்று குறைப்பட்டார். எனக்குத் திகைப்பாயிருந்தது. அதே படத்தை வாத்தியார் எனக்குக் காட்டியிருக்கின்றார். முன்வரிசையில் இருப்போரின் பெயர்களை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக வாசித்தும் காட்டியிருக்கின்றார். அவர் வாசித்தது கணினித் திரையிலிருந்து. ஆகவே அக்குறிப்புகள் எங்கோ இருந்தேயாகல் வேண்டும். “கணினி எங்கே?” என்று கேட்டேன். மறுநாட் காலையில் திருத்தகம் திறக்கும்போதே நாங்கள் வாயிலில் நின்றோம். கணினி மேசையின் ஓரத்திலே தன் முறையை எதிர்நோக்கி இருந்தது. இன்னும் அழிக்கப்படவில்லை.

இங்கே நடந்தது யாதென்பதை விளங்கிக்கொள்ள, கணினி கோப்புகளை எவ்வாறு வைத்திருக்கின்றது என்பதைச் சிறிது அறிதல் வேண்டும்.

கோப்புறை என்றவுடன், காகிதங்களை உள்ளே வைத்திருக்கும் ஓர் உறை நம் மனத்தில் தோன்றுகின்றது. உண்மையில் கணினிக் கோப்புறையின் உள்ளே கோப்பு இருப்பதில்லை. 1969 ஆம் ஆண்டில் பெல் ஆய்வுகூடத்திலே தொடங்கப்பெற்ற யூனிக்ஸ் முறையில், ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் எண் உண்டு. கோப்புறை என்பது, இன்ன பெயர் இன்ன எண்ணுக்குரியது எனக் கூறும் ஒரு பட்டியலே. இன்று நாம் பயன்படுத்தும் மாக், லினக்ஸ் கணினிகள் இம்மரபில் வந்தவை. ஆகவே, கோப்பின் பெயரை மாற்றும்போது கோப்பு மாறுவதில்லை. பட்டியலில் ஒரு வரி மாறுகின்றது. ஆனால், பழைய பெயரையும் பழைய வழியையும் குறித்து வைத்திருந்த வேறொருவர் இனி அதனைக் காணமாட்டார். வீட்டுக்காரர் அதே வீட்டில் இருக்கின்றார். வீதியின் பெயரும் வீட்டிலக்கமும் மாறிவிட்டன. பழைய விலாசத்துக்கு வந்த கடிதம் திரும்பிப் போகின்றது. நிலை இத்தகையதே.

ஆவண முகாமை மென்பொருள் கோப்பொன்றை ஏற்கும் முறை இருவகைப்படும். முதலாவது, உட்கொள்ளல். மென்பொருள் கோப்பின் பிரதியொன்றைத் தன் களஞ்சியத்தினுள் எடுத்து வைத்துக்கொள்ளும். சொட்டேரோ இவ்வாறு வைக்கும்போது, ஒவ்வோர் ஆவணத்துக்கும் எழுத்தும் இலக்கமும் கலந்த எட்டுக் குறிகளாலான பெயருடைய கோப்புறை ஒன்றை அமைத்து, அதனுள்ளே கோப்பை வைக்கின்றது. இரண்டாவது, சுட்டிக்காட்டல். கோப்பு தான் இருந்த இடத்திலேயே இருக்கும். அதற்குச் செல்லும் வழியை மட்டும் மென்பொருள் தன் அட்டவணையிற் குறித்துக்கொள்ளும். சொட்டேரோவில் இது இணைக்கப்பட்ட கோப்பு எனப்படும். டெவன்திங்கில் அட்டவணைப்படுத்திய கோப்பு எனப்படும்.

இவற்றுள் எது நன்று என்று நீங்கள் கேட்கலாம். இரண்டுக்கும் நன்மையுண்டு. உட்கொண்ட கோப்பு பாதுகாப்பானது. எவரும் தற்செயலாக அதன் பெயரை மாற்றிவிடுதல் அரிது. ஆனால், அதே கோப்பைப் பிற மென்பொருள்களாலும், உடன் வேலை செய்வோராலும் எளிதாகப் பயன்படுத்த இயலாது. மூலக் கோப்பையும் வைத்திருப்பின் பிரதி இரண்டாகி இடமும் வீணாகும். சுட்டிக்காட்டிய கோப்போ சுதந்திரமானது. மென்பொருள் நாளை வழக்கொழிந்தாலும் கோப்புகள் தம் கோப்புறைகளிலே அப்படியே இருக்கும். வாத்தியார் இரண்டாவது முறையைத் தேர்ந்தது இது கருதியே என நினைக்கின்றேன். தமக்குப் பின் எவராயினும் எம்மென்பொருளும் இன்றித் திறந்து பார்க்கலாமே என அவர் எண்ணியிருப்பார். அவர் எண்ணியவாறே பிள்ளைகளும் திறந்து பார்த்தனர். இடர் விளைந்ததும் அங்கேதான்.

கோப்பு உலாவியில் ஒரு கோப்பின்மீது இரு முறை அழுத்தும்போது கணினி செய்வது மிக எளிய காரியம். கோப்புப் பெயரின் இறுதியிலுள்ள சில எழுத்துகளைப் பார்க்கின்றது. பீடிஎஃப் எனின் இன்ன மென்பொருள், படம் எனின் இன்ன மென்பொருள் என முன்னரே எழுதி வைத்த விதிப்படி உரிய மென்பொருளை அழைத்துக் கோப்பைக் கையளிக்கின்றது. இக்கோப்புக்கு வேறோரிடத்தில் அட்டவணைக் குறிப்பு உண்டோ என அது வினாவுவதில்லை. வினாவவும் வழியில்லை, ஏனெனில், கோப்பினுள் அவ்விஷயம் எழுதப்படவில்லை. நாம் எழுதிய விளக்கம், இட்ட தலைப்பு, வேறு ஆவணத்தோடு செய்த தொடர்பு ஆகியன மென்பொருளின் தரவுத்தளத்திலே, வேறொரு கோப்புறையிலே, தனியே இருக்கின்றன.

இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு ஒன்று கூறுவேன். 2022 ஆம் ஆண்டில் வெளிவந்த சொட்டேரோவின் ஆறாம் பதிப்பு முதல், அதன் உள்ளேயே பீடிஎஃப் ஆவணங்களை வாசிக்கவும், வரிகளுக்கு நிறந்தீட்டவும், ஓரக்குறிப்பு எழுதவும் வசதியுண்டு. ஆயின், அந்நிறமும் குறிப்பும் பீடிஎஃப் கோப்பில் எழுதப்படுவதில்லை, தரவுத்தளத்திலே எழுதப்படுகின்றன. அதே கோப்பைக் கோப்பு உலாவியிலிருந்து வேறொரு மென்பொருளில் திறந்தால், ஒரு வரியும் தொடப்படாத வெள்ளைப் பக்கங்களே தோன்றும். இது குறையன்று, நன்கு ஆலோசித்துச் செய்த அமைப்பு. மூலத்தைத் தீண்டாது வைத்தல் நல்ல ஆய்வாளரின் பண்பும் ஆகும். வேண்டுமாயின், குறிப்புகளைப் பீடிஎஃபினுள் பதித்துப் புதிய பிரதியாக வெளியே எடுக்கவும் அம்மென்பொருளிலேயே வழியுண்டு. இந்த அமைப்பை அறியாதவரே, ஒன்றும் எழுதப்படவில்லை என்று முடிவு செய்துவிடுவார்.

வாத்தியாரின் மகளுக்கு நேர்ந்ததும் இதுவே. அவர் அலுமாரியைத் திறந்து பார்த்தார். அட்டைப் பேழையொன்று உண்டென்பது அவருக்குத் தெரியாது. அலுமாரியைப் படியெடுத்துவிட்டு, அட்டைப் பேழையை அழிக்கக் கொடுத்துவிட்டார்.

திருத்தகத்திலிருந்து மீட்டுவந்த கணினியில் மென்பொருளைத் திறந்தபோது, குறிப்புகள் யாவும் அப்படியே இருந்தன. முன்வரிசைப் பெயர்கள் இருந்தன. கடிதம் எழுதியவர் யார், யாருடைய கலியாணத்தைப் பற்றி எழுதுகின்றார், அதிற் குறிப்பிடப்படும் சிறு பெண் இன்று எங்கே இருக்கின்றார் என்பன எல்லாம் இருந்தன. மகள் திரையைப் பார்த்தபடி நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. ஆனால், குறிப்பிலிருந்து ஆவணத்தைத் திறக்க முயன்றபோது, கோப்பு காணப்படவில்லை என்ற விடையே பல இடங்களிலும் வந்தது. கோப்புறைகளின் பெயர்கள் மாறியிருந்தமையே காரணம். அட்டையும் இருந்தது, நூலும் இருந்தது. இரண்டுக்கும் இடைப்பட்ட வழி அறுந்துபோயிற்று.

அறுந்த வழியை மீண்டும் இணைக்க எங்களுக்கு உதவியது கணினியன்று, வாத்தியாரின் பழக்கமொன்று. ஒவ்வொரு கோப்பின் பெயரையும் அவர் ஓர் எண்ணோடு தொடங்கியிருந்தார். அதே எண்ணைக் குறிப்பின் தலையிலும் எழுதியிருந்தார்.

இப்பழக்கத்தின் அருமையை நூலகர்கள் நன்கறிவர். நூலுக்கு அவர்கள் இடும் எண்கள் இரண்டு. ஒன்று, அலுமாரியில் அதன் இடத்தைக் காட்டும் எண். மற்றையது, நூல் வந்து சேர்ந்த அன்றே வரவுப் பதிவேட்டில் எழுதி, நூலின் உள்ளேயும் பொறிக்கும் எண். முதலாவது எண் நூல் எங்கே உள்ளதெனக் கூறும். இரண்டாவது எண் இது எந்த நூல் எனக் கூறும். அலுமாரி மாறலாம், வரவு எண் மாறுவதில்லை. தெருவிலே கண்டெடுத்த நூலாயினும், அவ்வெண்ணைக் கொண்டு பதிவேட்டில் அதன் வரலாற்றைக் காணலாம். சீர்காழியிற் பிறந்து, 1924 ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, நூலகத்துறைக்கு ஐந்து விதிகள் வகுத்த இரங்கநாதன் அவர்கள், வாசகரின் நேரம் வீணாகலாகாது என்பதை அவ்விதிகளுள் ஒன்றாக வைத்தார். நம்மிடையே 2005 ஆம் ஆண்டு முதல் ஈழத்துத் தமிழ் நூல்களை எண்ணிம வடிவிற் சேர்த்துவரும் நூலகம் என்னும் இணைய நூலகமும், ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஓர் எண் இட்டே வைக்கின்றது. மென்பொருள்களும் தமக்குள் இதனையே செய்கின்றன. டெவன்திங்க் ஒவ்வோர் ஆவணத்துக்கும் மாறாத அடையாளம் ஒன்றைக் கொடுத்து, அவ்வடையாளத்தைக் கொண்டே இணைப்பு அமைக்கின்றது. அட்டவணைக்குள்ளே ஆவணம் இடம் மாறினாலும் இணைப்பு அறுவதில்லை. ஆனால், அவ்வடையாளம் தரவுத்தளத்தில் இருப்பது. கோப்பு உலாவியிற் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவதன்று. கோப்பின் பெயரிலே எழுதிய எண்ணோ எவர் கண்ணுக்கும் தெரியும்.

ஆகவே, இத்தகைய சேமிப்பை வைத்திருக்கும் நேயர்கள் கருத்திற் கொள்ளத்தக்கவை சிலவற்றைக் கூற விரும்புகின்றேன்.

முதலாவது, ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஓர் எண் இடுக. கோப்பின் பெயர் அவ்வெண்ணோடு தொடங்குக. அட்டவணைக் குறிப்பிலும் அதே எண் இருப்பதாக. கோப்பு உலாவியில் ஓர் ஆவணத்தைக் கண்டு, இதன் குறிப்பு யாதென அறிய விரும்பினால், அவ்வெண்ணை மென்பொருளின் தேடற் கட்டத்தில் இட்டாற் போதும். அலுமாரியிலிருந்து அட்டைக்குத் திரும்பும் வழி இதுவே. மாக் கணினியில் டெவன்திங்க் வைத்திருப்போர், ஃபைண்டரிலே தேர்ந்த கோப்பின் வழியைக் கொண்டு அதற்குரிய பதிவைத் தேடித் தரும் சிறு கட்டளை நிரலையும் அமைத்துக்கொள்ளலாம். அது சௌகரியமானதே. ஆயினும், கோப்பு இடம் மாறிவிட்டால் நிரல் உதவாது, எண் உதவும்.

இரண்டாவது, சுட்டிக்காட்டிய கோப்புகளைக் கோப்பு உலாவியில் வாசிக்கலாம். ஆனால் அங்கே பெயர் மாற்றுதலும் இடம் மாற்றுதலும் ஆகா. மாற்ற வேண்டியிருப்பின் மென்பொருளின் உள்ளிருந்தே மாற்றுக. கோப்புகள் யாவற்றையும் ஒரே தாய்க்கோப்புறையின் கீழ் வைத்தலும் நன்று. சொட்டேரோவில் அத்தாய்க்கோப்புறையை அடிப்படையாகக் குறிப்பிட்டுவிட்டால், பின்னர் வேறு கணினிக்கு அனைத்தையும் கொண்டுசெல்லும்போது அந்த ஓரிடத்தை மட்டும் மாற்றினாற் போதும். ஆயிரம் வழிகளும் தாமே நேராகும்.

மூன்றாவது, படியெடுக்கும்போது இரண்டையும் படியெடுக்க வேண்டும். கோப்புகள் உள்ள கோப்புறை ஒன்று. மென்பொருளின் தரவுத்தளம் மற்றொன்று. மென்பொருளை மூடியபின் படியெடுப்பதே முறை. அது எழுதிக்கொண்டிருக்கும்போது எடுத்த பிரதி பழுதாதல் கூடும்.

நான்காவது, ஆண்டுக்கு ஒருமுறையேனும் குறிப்புகள் அனைத்தையும் எம்மென்பொருளும் இன்றி வாசிக்கத்தக்க எளிய எழுத்துக் கோப்பாக வெளியே எடுத்து, ஆவணங்களோடு சேர்த்து வைக்கவும். அதன் முதற்பக்கத்திலே, இச்சேமிப்பின் அட்டவணை இன்ன மென்பொருளில் இன்ன இடத்தில் உள்ளது என்று நான்கு வரிகள் எழுதவும். இதற்குப் பணம் வேண்டாம், பயிற்சி வேண்டாம். வாத்தியார் செய்யத் தவறியது இவ்வொன்றுதான். கேட்டால் சொல்லத் தாம் இருக்கின்றோமே என்று அவர் நினைத்திருப்பார். நாம் எல்லோரும் அவ்வாறே நினைக்கின்றோம்.

ஏடுகளின் இழப்பை நம்மவர் அறியாதவரல்லர். 1981 ஆம் ஆண்டு யூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அந்த இழப்பு ஊரறிய நிகழ்ந்தது. நான் இன்று கூறியது வேறுவகை இழப்பு. இதில் ஏடு எதுவும் அழிவதில்லை. படம் இருக்கின்றது, கடிதம் இருக்கின்றது. இவர் யார், இது எதற்காக எழுதப்பட்டது என்ற அறிவு மட்டும் ஓசையின்றிப் போய்விடுகின்றது. போயிற்றென்பதையும் எவரும் அறிவதில்லை.

வாத்தியாரின் சேமிப்பை நாங்கள் சீர்செய்தோம். எண் மாறாதிருந்த கோப்புகள் சில நாட்களிலேயே தம் குறிப்புகளோடு சேர்ந்தன. எண்ணையும் நீக்கிப் பெயர் மாற்றப்பட்ட கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, குறிப்பிற் கூறியவற்றோடு ஒப்பிட்டுச் சேர்க்க வேண்டியதாயிற்று. மகள் தம் விடுமுறையை நீடித்துக்கொண்டு அவ்வேலையில் எம்மோடு இருந்தார். பெரும்பாலானவை சேர்ந்தன, எல்லாம் சேரவில்லை. சில குறிப்புகளுக்கு இன்னும் ஆவணம் இல்லை. சில ஆவணங்களுக்கு இன்னும் குறிப்பு இல்லை. அவற்றுள் ஒன்று, தென்னந்தோப்பின் முன்னே நிற்கும் ஓர் இளைஞரின் படம். ஊரிலுள்ள முதியோரிடம் அதனைக் கொண்டுசென்று காட்டி வருகின்றோம். இதுவரை எவரும் அவரை இனங்காணவில்லை.

உங்கள் கணினியிலும் அத்தகைய படங்கள் இருக்கலாம். அவற்றிலிருப்போரின் பெயர்கள் உங்களுக்கு இன்று தெரியும். அப்பெயர்கள் எங்கே எழுதப்பட்டுள்ளன, உங்களுக்குப் பின் அவற்றைத் திறப்பவர் அவ்விடத்தை எவ்வாறு அறிவார் என்பதை இன்றிரவே ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.